படகு பார்க்கப் போனோம்

ஒரு மனிதனுக்கு அறுபது வயது பூர்த்தியாகி, சேமநிதிப் பணமும் கைக்கு வந்துவிட்டால், அவனுக்குப் புத்தி சொல்ல ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களே வீடு தேடி வருவார்கள். நிலம் வாங்கு என்பார் ஒருவர். பவுன் வாங்கு என்பார் மற்றொருவர். ஒன்றும் வாங்காதே, பாங்கியில் போட்டுவிட்டுச் சிவனே என்று இரு என்பார் மூன்றாமவர். இவர்கள் சொன்ன எதிலும் நம் மனம் செல்லவில்லை. கண்டல் மரங்களுக்கு நடுவே, ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றில் கட்டைகளின்மேல் நின்ற ஒரு பழைய உல்லாசப் படகின்மேல் போய் அது விழுந்ததென்றால், அதை ஜாதக விசேஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாம் வசிப்பது மலேசியாவில், கிள்ளான் பட்டணத்தில். இந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள துறைமுகத்துக்குப் பழைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972-ம் வருஷம் முதல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர். நம் தகப்பனார் 1951-ம் வருஷத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி வந்து இறங்கியது இங்கேதான். ரஜூலா 1926-ம் வருஷத்தில் கட்டிய கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் தமிழர்களைச் சுமந்து போய் வந்தது. அதன் மேல்தட்டில் பாயை விரித்துக்கொண்டு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இந்த நாடெங்கும் இருக்கிறார்கள். தகப்பனார் முப்பது வருஷ காலம் பிறருடைய கப்பல்களிலிருந்து பிறருடைய மூட்டைகளை இறக்கினார். நாம் அதே துறைமுகத்தில் மேஜை முன்னால் உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷ காலம் அந்த மூட்டைகளை எண்ணினோம். இரண்டு தலைமுறை கப்பலோடு பழகியும், நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பரிசல்கூடக் கிடையாது. படகு ஆசையின் வேர் இங்கே இருக்கிறதென்று நம் வீட்டு அம்மாள் சொல்கிறாள். அவள் தமிழ்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேரைக் கண்டுபிடிப்பது அவளுக்குப் பழக்கமான காரியம்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். 36 அடி நீளம். எடை ஏறக்குறைய பத்து டன். 1981-ம் வருஷத்தில் தைவான் தீவில் கட்டியது. இந்த ஜாதிப் படகுக்கு 'டிராலர்' என்று பெயர். டிராலர் என்றால் இழுவலை போட்டு மீன் பிடிக்கும் படகு. ஆனால் இது ஆயுளில் ஒரு நெத்திலிகூடப் பிடித்ததில்லை. மீன்பிடி படகைப்போல உயர்ந்த முகமும், கனத்த உடம்பும், நிதானமான நடையும் உள்ளதால் வந்த பெயர். 1960-களில் ஹாங்காங்கிலும் பிறகு சிங்கப்பூரிலும் கட்டப்பட்ட 'கிராண்ட் பாங்க்ஸ்' படகுகள் அமெரிக்காவில் மிகவும் பிரசித்தியடைந்தன. முதலில் மரத்தினால் கட்டினார்கள். 1973-ம் வருஷத்தில் கண்ணாடி நாருக்கு மாறினார்கள். அந்தச் சாயலைப் பின்பற்றித் தைவானில் பல பட்டறைகள் படகு கட்டத் தொடங்கின. நாம் பார்த்தது அந்த ரகம். கண்ணாடி நார் என்றதும் நேயர்கள் ஏதோ அதிசய வஸ்து என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் கரைகளில் மீனவர்கள் 'பைபர் போட்' என்று சொல்கிறார்களே, அதே சமாசாரந்தான்.

இதன் சொந்தக்காரர் ஓர் அயல்நாட்டுக் கிழவர். மனைவியுடன் இந்தப் படகிலேயே குடியிருந்து, லங்காவிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல வருஷம் உலாவியவர். 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் படகைப் பட்டறையில் ஏற்றிவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்காக ஊருக்குப் போனார்கள். மார்ச்சு 18-ந் தேதி, தொற்றுநோய் காரணமாக மலேசியா தன் எல்லைகளை மூடியது. மறுபடி திறந்தது 2022-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிதான். அதற்குள் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். கிழவருக்கு வைத்தியர்கள் பிரயாணம் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். படகு மட்டும் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தது.

முதலில் அவர் கேட்ட விலை 60,000 வெள்ளி. நாம் பதில் எழுதுவதற்குள் இரண்டாவது கடிதம் வந்தது: "பட்டறைக்கு வாடகைப் பாக்கி 18,000 வெள்ளி இருக்கிறது. அதைக் கட்டிவிட்டுப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம்."

இந்த இடத்தில்தான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாட்டின் விஷயத்தில் அது மரியாதையாக இருக்கலாம். படகின் விஷயத்தில் சும்மா வந்தாலும் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். யானையை வாங்குகிற பணம் பெரிதல்ல, யானையைக் கட்டித் தீனி போடுவதல்லவா காரியம்? பழுதுபட்ட கப்பலின் தீனி எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். பம்பாய்க் கப்பல் துறையில் வாடியா குடும்பத்தார் தேக்கினால் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் 1817-ம் வருஷத்தில் தண்ணீரில் இறங்கிற்று. திருகோணமலையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். கட்டுவதற்குப் பிடித்தது சுமார் ஒன்றரை வருஷம். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அதைப் பழுது பார்க்கத் தொடங்கியது 1990-ம் வருஷம். முடித்தது 2001-ம் வருஷம். கட்டுவதற்கு ஒன்றரை, செப்பனிடுவதற்குப் பத்துக்கு மேல்! இந்தக் கணக்கை மைத்துனரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"அத்தான், உங்களுக்கு இப்போது அறுபது. பத்து வருஷம் கூட்டிப் பாருங்கள்" என்றார்.

மற்றொரு பக்கமும் உண்டு என்று அவருக்கு 'அன்னபூரணி'யின் கதையைச் சொன்னோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ம் வருஷத்தில் கட்டிய பாய்க்கப்பல் அது. உப்பும் அரிசியும் ஓடும் ஏற்றிக்கொண்டிருந்த கப்பலை ராபின்ஸன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கிப் புதுப்பித்து, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1938-ம் வருஷத்தில் அது தமிழ் மாலுமிகளுடன் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய் அடைந்தது. மைத்துனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அமெரிக்கருக்கு எவ்வளவு சம்பாத்தியம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஆகையால் முறைப்படி படகு பார்க்கப் போனோம். பெண் பார்க்கப் போவதற்கும் படகு பார்க்கப் போவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முன்னதில் குறை தேடுகிறவன் அற்பன். பின்னதில் குறை தேடாதவன் அசடன். கூட வந்தவர்கள் இருவர். ஒருவர் கூலி கொடுத்து அமர்த்திய மதிப்பீட்டு நிபுணர். மற்றவர் துறைமுக இழுவைப் படகுகளில் நாற்பது வருஷம் இயந்திரம் பார்த்த பெரியவர். நமக்கு அண்ணன் ஸ்தானம். அம்மாளும் வந்தாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

நிபுணர் செய்த முதற்காரியம் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு சுத்தியலை எடுத்தார். மேல்தளத்தில் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று போய்க்கொண்டிருந்த சத்தம், முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலிக்கு அருகே, தொப், தொப் என்று மாறிற்று. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாள் உடனே, "சந்தையில் பானை வாங்குகிற மாதிரி" என்றாள். நிபுணர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். தொப்பென்ற இடங்களையெல்லாம் சுண்ணக் கட்டியினால் வட்டமிட்டார். முடித்தபோது தளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாயிருந்தது.

அதன் காரணம் கேட்பதற்கு ருசியானது. அந்தக் காலத்துப் படகுகளில் கண்ணாடி நார்த் தளத்தை இரண்டு தோல்களாகச் செய்து, நடுவில் கட்டையை வைத்தார்கள். கனம் குறையும், விறைப்பு கூடும் என்பது உத்தேசம். அழகுக்காக அதன்மேல் தேக்குப் பட்டைகளை வரிசையாகப் பதித்தார்கள். பதிப்பது எப்படி? திருகாணியினால். ஒரு படகில் நூற்றுக்கணக்கில், சில படகுகளில் ஆயிரத்துக்கு மேல் திருகாணிகள். ஒவ்வொரு திருகாணியும் தளத்தில் ஒரு துளை. தேக்குக்கு இடையேயுள்ள கறுப்புப் பசை நன்றாக இருக்கிற வரையில் கவலையில்லை. பசை வெடித்தால் மழைத்தண்ணீர் திருகாணியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். உள்ளே இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. நடுக்கட்டை ஊறி, கடைசியில் ஈரமான ரஸ்க்கு மாதிரி ஆகிவிடும். மேலே பார்த்தால் லட்சணமான தேக்கு. காலின் கீழே களி. கப்பலுக்கு அழகூட்டிய பொருளே கப்பலைக் கெடுத்துவிட்டது. நமக்குத் தேக்கின்மேல் உள்ள பக்தி அன்றோடு சற்றுக் குறைந்துபோயிற்று.

அடுத்தபடி படகின் அடிப்பாகம். நாலு வருஷமாகத் தண்ணீரை விட்டு விலகி நின்றதனால், ஒட்டியிருந்த கொட்டலசுச் சிப்பிகள் காய்ந்து உதிர்ந்திருந்தன. நிறையச் சிறு கொப்புளங்கள் தெரிந்தன. நாலணா நாணயம் அளவு சில. அதற்கும் சிறிது சில. நிபுணர் ஒன்றை ஊசியினால் குத்தினார். உள்ளே அடைபட்டிருந்த நீர் பீறிட்டது. காடி நாற்றம் அடித்தது. கண்ணாடி நாரின் மேற்பூச்சு வழியாகத் தண்ணீர் மெள்ள ஊடுருவி, உள்ளேயுள்ள பிசினோடு கலந்து அமிலமாகி இப்படிக் கொப்புளிக்குமாம். பார்ப்பதற்கு அம்மை கண்ட முகம்போல் பயங்கரமாயிருந்தாலும், சின்னக் கொப்புளங்களால் எந்தப் படகும் முழுகியதில்லை என்று அவர் தைரியம் சொன்னார். அவர் முகம் சுருங்கியது வேறோரிடத்தில். படகைத் தள்ளும் வெண்கல விசிறியைச் சுரண்டிப் பார்த்தார். பொன்னிறமாக இருக்க வேண்டிய உலோகம் ஓரங்களில் ரோஜா நிறம் காட்டிற்று. கலவையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டது, மிஞ்சியிருப்பது செம்பு என்று அர்த்தம். இதைத் தடுப்பதற்காகவே படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளைத் தனியாக முடுக்கி வைக்கிறார்கள். விசிறியைத் தின்ன வருகிற கடல், முதலில் இந்தக் கட்டியைத் தின்னும். தீர்ந்தால் புதிதாக மாட்ட வேண்டும். இதில் கட்டி இருந்த இடத்தில் திருகாணி மட்டும் இருந்தது.

அடியில் ஆறு துளைகள். கடல்நீரை உள்ளே வாங்கவும் வெளியே விடவும் ஏற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்து மூடப் பிடி உண்டு. ஆறில் நாலு அசையவேயில்லை. ஒன்றரை அங்குலத் துளை ஒன்று நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே வாயைத் திறந்தால், நிமிஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். கப்பல் கவிழ்ந்தாற்போல் கன்னத்தில் கை வைத்துக்கொள்வது என்று நம்மவர்கள் சொல்வார்களே, அந்தக் கைக்கு வேலை வைக்கக்கூடிய துளைகள் இவைதான். நல்லவேளையாக இவற்றை மாற்றுவதற்கு ஆகும் பணம் கொஞ்சம்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தில் மூன்றாவது பக்கத்தைப் புரட்டினாள். நம் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அண்ணன் அதற்குள் இயந்திர அறையில் இறங்கிவிட்டார். எழுபத்துநாலு வயசு, இறங்கும்போது முழங்கால் மடக்கென்று சத்தமிட்டது. கீழே போன பிறகு அவருக்கு வயது முப்பது. இயந்திரம் இங்கிலாந்தில் லாரிகளுக்காக வார்த்த போர்டு டீஸல், ஆறு சிலிண்டர், 120 குதிரைச் சக்தி. அமெரிக்காவில் லேமன் கம்பெனியார் அதைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி விற்றார்கள். அண்ணன் முதலில் எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய், பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறியலாம். இது மை போலக் கறுத்திருந்தது. "பழசு, ஆனால் பத்தினி" என்றார். பிறகு சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பெரிய ஸ்பானரை மாட்டிக் கையினாலேயே சுற்றினார். முதலில் முரண்டிற்று. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சுற்றியது. அதற்கும் அடுத்த நாள், பீப்பாயில் தண்ணீரை நிரப்பிக் குளிர்விப்புக் குழாயை அதில் போட்டு, புது பாட்டரியைக் கொடுத்தார். நாலு வருஷம் தூங்கிய இயந்திரம் வெள்ளைப் புகையைக் கக்கி, இருமி, நின்று, மறுபடி இருமி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. பட்டறைத் தவுக்கே தம் தேநீர்க் கோப்பையோடு எழுந்து வந்து பார்த்தார்.

"தம்பி, படகு போனாலும் இது போகாது" என்றார் அண்ணன்.

நாம் அந்த வார்த்தையில் மயங்கிவிடக்கூடுமென்று அம்மாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்தாயிற்றா?" என்று கேட்டாள்.

அதுதான் கடைசிப் பரீட்சை. இந்த ரகப் படகுகளில் இயந்திரத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தொட்டிகள். ஒவ்வொன்றும் 700 லிட்டர் கொள்ளும். தளத்தில் எண்ணெய் ஊற்றும் வாய் ஒழுகினால், தண்ணீர் தொட்டியின் தலையிலேயே சொட்டிச் சொட்டி, மேலிருந்து துருப்பிடித்துக்கொண்டு வரும். தொட்டியை மாற்றுவதென்றால் சாமானியமல்ல. படகைக் கட்டும்போது தொட்டியை வைத்துவிட்டு, அப்புறம் மேலே வீட்டைக் கட்டிவிட்டார்கள். இப்போது தொட்டி வெளியே வரவேண்டுமானால் இயந்திரத்தைத் தூக்க வேண்டும். இயந்திரத்தைத் தூக்க அறைத் தரையைப் பெயர்க்க வேண்டும். கம்பி நுனியில் சிறு காமிரா பொருத்திய கருவி ஒன்றை நிபுணர் ஊற்றுவாய் வழியாக உள்ளே விட்டார். வலப்பக்கத்துத் தொட்டி சுத்தமாக இருந்தது. இடப்பக்கத்துத் தொட்டியில் ஊசித் துவாரங்கள். அதன் அடியில் தொட்டுப் பார்த்த விரலில் டீஸல் ஒட்டிற்று.

அன்று இரவு வீட்டில் கணக்கு நடந்தது. தளம் 35,000, வால்வுகள் 4,000, இயந்திரத்துக்கு 15,000, மின்சாரக் கம்பிகள் 12,000, அடிப்பாகம் 20,000, உள் அறைகள் 10,000, இயந்திரத்தைத் தூக்கித் தொட்டி இரண்டையும் மாற்ற 30,000. ஆக 126,000 வெள்ளி. கண்ணுக்குத் தெரியாத பழுதுக்காகப் பாதி சேர்த்துக்கொள்ளச் சொன்னார் நிபுணர். அது 63,000. பட்டறைப் பாக்கி 18,000. மொத்தம் 207,000. மைத்துனர் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவருடைய மௌனம் அவருடைய உபதேசத்தைவிட வலுவாயிருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒதுக்கியதைத் தொடுவதில்லை என்று நமக்குள் முன்பே ஒப்பந்தம். அதைத் தவிர்த்தால் 207,000 என்பது நம்மிடம் இருந்ததற்கு மேல். ஆகவே விஷயம் தீர்ந்தது என்று நாம் படுக்கப் போய்விட்டோம். தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம். நடு இரவில் எழுந்து பார்த்தால் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாள் நோட்டுப் புத்தகத்துக்கு முன்னால்.

"நாம் எங்கே போகப்போகிறோம்?" என்று கேட்டாள்.

"எங்கே என்றால்?"

"இந்தப் படகில், எங்கே?"

நாம் யோசித்தோம். கேத்தாம் தீவு, பங்கோர், எப்போதாவது பினாங்கு. அதற்கு மேல் நாம் நினைத்ததில்லை. மலாக்கா ஜலசந்தியில், பெரிய கப்பல்களின் பாதையை விட்டு விலகி, கரையோரமாக. அதிலும் 'சுமத்திரா' என்று இங்கே சொல்கிற சூறைக்காற்று இரவிலும் விடியற்காலையிலும் சுமத்திரா தீவுப் பக்கத்திலிருந்து திடீரென்று வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் அதற்கு அஞ்சி நடக்க வேண்டும்.

"பங்கோருக்கு எவ்வளவு டீஸல்?"

இது நமக்கு மனப்பாடம். படகின் வேகத்தை நிர்ணயிப்பது இயந்திரம் அல்ல, நீளம். தண்ணீரைத் தொடும் நீளம் 34 அடி என்றால், அதன் வர்க்க மூலம் ஏறக்குறைய 5.8, அதை 1.34-ஆல் பெருக்கினால் 7.8. மணிக்கு 7.8 கடல் மைல்தான் இப்படிப்பட்ட கனத்த படகின் இயற்கையான எல்லை. அதற்கு மேல் விரட்டினால், தானே எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற முயன்று, டீஸலைக் குடிக்குமே தவிர ஓடாது. ஏழு மைல் வேகத்தில் சாவதானமாகப் போனால் மணிக்கு ஏழெட்டு லிட்டர். பங்கோருக்குப் பதின்மூன்று மணி நேரம். சுமார் நூறு லிட்டர்.

"போக நூறு, வர நூறு. நல்ல தொட்டி ஒன்றில் எழுநூறு கொள்ளுகிறது. நாம் என்ன ஆஸ்திரேலியாவுக்கா போகிறோம், இரண்டு தொட்டி வேண்டுமென்பதற்கு?"

நேயர்களே, உண்மையைச் சொல்கிறோம். நாமும் நிபுணரும் அண்ணனும் மூன்று நாள் அந்தப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அது முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப ஆக்குவதற்கு என்ன செலவாகும் என்றுதான் கணக்கிட்டோம். அந்தக் கிழவரின் பிரயாணங்களுக்கு அது எப்படி இருக்க வேண்டியிருந்ததோ, அப்படி. நம்முடைய பிரயாணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டது அவள் ஒருத்திதான்.

பிறகு கணக்கு வேறு வழியில் ஓடிற்று. ஓட்டைத் தொட்டியைக் காலி செய்து, குழாயைத் துண்டித்து அடைத்துவிடுவது. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் நிரம்பினால் படகு சாயுமே என்று மறுநாள் அண்ணனைக் கேட்டோம். பாதிக்கு மேல் நிரப்பாதே, பாட்டரிகளை எதிர்ப்பக்கத்துக்கு மாற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மேல்தளத்தில் தேக்கை முழுவதும் கழற்றிவிடுவது; திரும்பப் பதிப்பதில்லை; அழுகிய நடுக்கட்டையை மட்டும் வெட்டி எடுத்து, புதிது வைத்து, கண்ணாடி நாரினால் மூடி, வழுக்காத வர்ணம் பூசுவது. கழற்றுகிற வேலையை நாமே செய்வதாயிருந்தால் 35,000 என்பது 20,000. குளிர்சாதனமும் தனி மின்சார யந்திரமும் வேண்டியதில்லை, மின்சாரம் 7,000. பெரிய கொப்புளங்களை மட்டும் வெட்டி ஆற்றி, விசிறியைச் செப்பனிட்டு, வர்ணம் அடிக்க 6,000. மற்றவை பழையபடி. வேலை 62,000, எதிர்பாராததற்குப் பாதி 31,000, பாக்கி 18,000, மொத்தம் 111,000.

"இதை முடித்த பிறகு விற்றால் என்ன கிடைக்கும்?" என்று நிபுணரைக் கேட்டோம். எழுபதாயிரம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார். அதாவது நாற்பதாயிரம் நஷ்டம் நிச்சயம். இது தவிர, படகு நிறுத்தும் வாடகை, இன்ஷூரன்ஸ், வருஷாவருஷம் தூக்கி வர்ணம் பூசுவது என்று வருஷத்துக்கு 14,000. ஏழு வருஷம் வைத்திருந்தால் 98,000. இரண்டையும் கூட்டி ஏழால் வகுத்தால், வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 வெள்ளி.

அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தாள். "லாபம் என்று எண்ணி வாங்குவதானால் இப்போதே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். இருபதாயிரம் செலவு என்று தெரிந்து வாங்குவதானால் ஒரு கேள்வி. வருஷத்தில் எத்தனை நாள் அதில் இருப்போம்? இருபது நாள் என்றால் நாளுக்கு ஆயிரம் வெள்ளி. அதற்கு வாடகைப் படகு எடுத்துக்கொண்டு போகலாம், துருவும் இல்லை, தொல்லையும் இல்லை. அறுபது நாள் என்றால் முந்நூற்றுச் சொச்சம். அது வேறு."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் பணம் குறைவாக இருக்கலாம். நாள் நிறைய இருக்கிறது. ஆனால் எத்தனை வருஷம் என்பதை யார் சொல்வது? அண்ணனின் முழங்கால் இயந்திர அறைப் படியில் போட்ட சத்தம் நம் காதில் இருந்தது. பழைய படகு என்பது வருஷத்தில் பாதி நாள் தலையைக் கீழேயும் காலை மேலேயும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை. ஏழு வருஷம் என்று எழுதினோமே, அதில் முதல் ஒன்றரை வருஷம் படகு தண்ணீரையே பார்க்காது. மிச்சம் ஐந்தரை. அந்த நகரும் நாட்களைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். படகு அதற்கு ஒரு பாத்திரம்.

இரண்டு நாள் இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில் அம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அறுபது நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நானும் போடுகிறேன்" என்றாள். நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதினோம். செலவு 111,000-ஐத் தொட்டால் அன்றைக்கு இருக்கிற நிலையில் வந்த விலைக்கு விற்றுவிடுவது என்று ஒரு வரி. நம் இருவரில் ஒருவருக்கு ஏணி ஏற முடியாமற் போனால் அப்போதும் விற்றுவிடுவது என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியை எழுதியது அவள். நாம் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் கையெழுத்திட்டோம்.

அயல்நாட்டுக் கொடியுள்ள படகு கைமாறுவதில் சுங்கத் தீர்வை விஷயம் உண்டு. அதைச் சுங்க அதிகாரிகளிடம் விசாரித்து, எழுத்து மூலமாகப் பதில் வாங்கிக்கொண்டோம். பிறகு கிழவருக்குக் கடிதம் எழுதினோம். படகில் அவர் மனைவியின் மூக்குக் கண்ணாடியும், ஒரு தேயிலை டப்பாவும், இருபது வருஷப் பிரயாணக் குறிப்பேடுகளும் இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று கேட்டிருந்தோம். குறிப்பேடுகளையும் மூக்குக் கண்ணாடியையும் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. தேயிலை டப்பா படகிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அதன் மூடி கொஞ்சம் இறுகும், கத்தி நுனியினால் நெம்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

மைத்துனர் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து படகைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது திருப்புளி ஒன்றைக் கையில் எடுத்து, முன்பக்கத்துத் தேக்குப் பட்டையில் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்தார். அது வந்ததைக் கண்டு இன்னொன்றையும் கழற்றினார். இருட்டுகிற வரையில் கழற்றிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தில் மட்டும் 412 என்று அம்மாள் எண்ணி வைத்திருக்கிறாள். அதில் முப்பத்தேழு தீர்ந்திருக்கின்றன.